அரைத் தேக்கரண்டி பசளையும் மூன்று அடுக்குச் சாக்கும்

ஆபிரிக்கா என்றதும் நமது வியாபாரிகளுக்கு முதலில் ஞாபகம் வருவது கல்தான். 1998இல் மடகஸ்காரின் இலகாகாவில் நீலக்கல் கிடைத்த செய்தி பரவியதும் பேருவளை, சீனன்கோட்டைக்காரர்கள் அங்கே போய் வந்த கதைகளைக் கேட்டிருக்கிறோம். தேயிலைக்காரர்களுக்கு மொம்பாசா ஏலம் தெரியும். அதற்கு அப்பால், அந்தக் கண்டத்தில் ஒன்றிரண்டு ஏக்கரை வைத்துக்கொண்டு சோளமும் கௌப்பியும் பயிரிட்டு வாழும் கோடிக்கணக்கான குடும்பங்களைப் பற்றி நமது கடைத்தெருவில் பேச்சு எழுவதில்லை. இந்த வாரம் அவர்களைப் பற்றி எழுதுகிறேன். தரும காரியமாக அல்ல, வியாபாரப் பாடமாகத்தான்.

ஒரு புதிய விதையோ பசளையோ ஆராய்ச்சி நிலையத்தில் பிறக்கலாம். அரசாங்கமோ வெளிநாட்டு நிறுவனமோ அதற்குப் பணம் கொடுக்கலாம். கடைசியில் அது விவசாயியின் கைக்குப் போவது பெரும்பாலும் ஒரு சிறு கடை வழியாகத்தான். கிழக்கு ஆபிரிக்காவில் கடையை 'டுக்கா' என்கிறார்கள். அரபியின் 'துக்கான்' என்ற சொல்லோடு உறவுள்ள பெயர். அந்த டுக்காவில் சரக்கு உண்டா, எந்த அளவில் பொதி செய்திருக்கிறார்கள், எந்த மாதத்தில் வருகிறது, கடைக்காரரை நம்பலாமா என்ற கேள்விகளில்தான் அந்த வீட்டின் அடுத்த வருடச் சாப்பாடு தங்கியிருக்கிறது. நான் சாக்கு, கயிறு, தார்ப்பாய் விற்பவன், விவசாய விஞ்ஞானி அல்ல. ஆகவே கல்லாப் பக்கத்திலிருந்தே இதைப் பார்க்கிறேன்.

2006இல் நைஜீரியாவின் அபுஜா நகரில் ஆபிரிக்கத் தலைவர்கள் கூடி ஒரு பிரகடனம் செய்தார்கள். அப்போது சஹாராவுக்குத் தெற்கே ஒரு ஹெக்டெயருக்குச் சராசரியாக 8 கிலோ பசளைச் சத்துத்தான் இடப்பட்டு வந்தது. அதை 2015க்குள் 50 கிலோவாக்குவோம் என்றார்கள். தவணை வந்தது, போனது, 50ஐ நெருங்கவும் இல்லை. விவசாயிக்குப் பசளையின் அருமை தெரியாது, படிப்பில்லை, சோம்பல் என்றெல்லாம் காரணம் சொல்வோர் உண்டு. கல்லாவில் உட்கார்ந்தவன் இதை இலேசில் நம்பமாட்டான். வாங்காத வாடிக்கையாளர் முட்டாள் என்று எண்ணும் வியாபாரி கடையைப் பூட்டிவிட்டுப் போக வேண்டியதுதான்.

கென்யாவின் மேற்குப் பகுதியில் புசியா என்றொரு மாவட்டம் இருக்கிறது. அங்கே எஸ்தர் டஃப்லோ, மைக்கேல் கிரேமர், ஜொனதன் ரொபின்சன் என்ற மூன்று பொருளியல் அறிஞர்கள் பல வருடங்களாக விவசாயிகளின் சொந்தக் காணியிலேயே சோதனை செய்தார்கள். (முதல் இருவரும் 2019இல் நோபல் பரிசு பெற்றவர்களில் அடங்குவர்.) அவர்கள் கண்டது வேடிக்கையான விஷயம். விவசாய அமைச்சு சிபாரிசு செய்த முழுப் 'பக்கேஜ்', அதாவது கலப்பின விதை, நடும்போது ஒரு பசளை, வளர்ந்தபின் இன்னொரு பசளை என்ற முழு ஏற்பாடு, சராசரி விவசாயிக்கு நட்டமாகவே முடிந்தது. ஆனால் பயிர் முழங்கால் அளவு வளர்ந்தபின் ஒவ்வொரு செடிக்கும் அரைத் தேக்கரண்டி பசளை மட்டும் இட்டபோது கிடைத்த இலாபம், வருடக் கணக்கில் பார்த்தால் முதலுக்கு 70 வீதம்! ஆக, அமைச்சின் முழுச் சிபாரிசைத் தள்ளிவிட்ட விவசாயி தன் கணக்கைச் சரியாகத்தான் பார்த்திருக்கிறான்.

அப்படியானால் இலாபம் தரும் அந்த அரைத் தேக்கரண்டியை ஏன் எல்லோரும் வாங்கவில்லை? சோதனையில் பங்குகொண்டவர்களிடம் கேட்டபோது 100க்கு 98 பேர் அடுத்த போகத்துக்குக் கட்டாயம் வாங்குவோம் என்றார்கள். வாங்கியவர்கள் 37 பேர். அறுவடை முடிந்த கையோடு காசு இருக்கிறது, ஆனால் அப்போது பசளை தேவையில்லை. பசளை தேவைப்படும் மாதத்தில் காசு இல்லை. இடையில் பள்ளிக்கூடக் கட்டணம், வைத்தியச் செலவு, கலியாணம், மரணம். இது ஆபிரிக்காக்காரனின் குணம் என்று நினைக்க வேண்டாம். சம்பள நாளுக்கும் மாதக் கடைசிக்கும் இடையே நம் வீடுகளில் நடப்பதும் இதுதான்.

ஆகவே அவர்கள் ஒரு சின்ன வேலை செய்தார்கள். அறுவடை முடிந்த உடனே விவசாயியின் வீட்டுக்குப் போய், 'இப்போதே காசைக் கட்டிவிடுங்கள், பசளையைத் தேவையான நேரத்தில் இலவசமாக வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறோம்' என்றார்கள். விலையில் ஒரு சதமும் கழிவு இல்லை. தீர்மானிக்கக் குறுகிய தவணை. வாங்குவோர் தொகை கணிசமாகக் கூடியது. பசளை இடும் காலத்தில் பாதி விலைக்கே தருகிறோம் என்று சொன்னதைவிட இது அதிக பலன் தந்தது. 50 வீதக் கழிவு செய்யாத வேலையைச் சரியான வாரம் செய்துவிட்டது. நாமெல்லாம் விலைக்கழிவுக்குக் கொடுக்கும் விளம்பரத்தில் பாதியையாவது வாடிக்கையாளரின் கையில் எந்த நாளில் காசு புழங்குகிறது என்று பார்ப்பதற்குச் செலவிட்டோமா?

இதே கணக்கை இன்னொரு வழியாகப் பிடித்தவர்கள் கால்மிதிப் பம்புக்காரர்கள். இரண்டு மரக்கட்டைகளில் ஏறி நின்று படியேறுவதுபோல் மிதித்தால் கிணற்று நீர் மேலே வரும். 1980களின் தொடக்கத்தில் பங்களாதேஷின் ரங்பூர்ப் பக்கத்தில் பரவிய கருவி இது. மார்ட்டின் பிஷர், நிக் மூன் என்ற இருவர் 1991இல் நைரோபியில் தொடங்கிய நிறுவனம் (இன்று கிக்ஸ்டார்ட் என்று அழைக்கப்படுகிறது) அதை ஆபிரிக்க நிலத்துக்கு ஏற்றபடி திருத்தி 'மணிமேக்கர்' என்ற பெயரில் கடைகள் மூலம் விற்றது. இலவசமாகக் கொடுப்பதில்லை என்பது அவர்களது கொள்கை. சும்மா கிடைத்த பம்பு மூலையில் கிடக்கும், காசு கொடுத்து வாங்கிய பம்பு வேலை செய்யும் என்றார்கள். ஆனால் ஒரே தடவையில் அவ்வளவு காசு ஏழை விவசாயியிடம் ஏது? 2007இல் கென்யாவில் எம்-பெசா வந்தது, கையடக்கத் தொலைபேசியில் காசு அனுப்பும் முறை. அதைப் பயன்படுத்தி, இயன்ற நேரத்தில் இயன்ற தொகையைக் கட்டிவரலாம், விலை நிறைந்ததும் பம்பைக் கொண்டுபோகலாம் என்று ஒரு திட்டம் வைத்தார்கள். சுவாஹிலி மொழியில் அதற்கு இட்ட பெயரின் பொருள், துளித்துளியாய்ச் சேர்த்துப் பம்பு பெறு என்பது. கடனும் இல்லை, வட்டியும் இல்லை, விற்பவனுக்கு வராக்கடன் பயமும் இல்லை. வட்டியை விட்டு விலகி வியாபாரம் செய்ய நினைக்கும் நம்மவர்கள் இதைக் கொஞ்சம் ஊன்றிப் பார்க்கலாம்.

தூரமும் ஒரு விலைதான். கென்யாவில் 1990களின் தொடக்கத்தில் பசளை இறக்குமதியையும் விலையையும் அரசு தன் பிடியிலிருந்து விட்டது. நிறையச் சிறு கடைகள் முளைத்தன. 1997க்கும் 2007க்கும் இடையில் விவசாயியின் வீட்டிலிருந்து அடுத்த பசளைக் கடைக்கான தூரம் ஏறத்தாழப் பாதியாகிவிட்டது. 50 கிலோ மூடையைத் தலையிலோ சைக்கிளிலோ கொண்டுபோக வேண்டியவர்களுக்கு இது சிறு விஷயமல்ல. அத்தோடு ஒரு கிலோ, இரண்டு கிலோப் பொதிகளும் வந்தன. சவர்க்காரத் தூளும் ஷம்பூவும் நம் கிராமத்துக் கடைகளில் எப்படி நுழைந்தன என்பதை அறிந்தவர்களுக்கு இதில் விளக்கம் தேவையில்லை. ஒரு கிலோவை வாங்கி ஒரு மூலையில் போட்டுப் பார்த்தவன்தான் அடுத்த வருடம் மூடையாக வாங்குவான்.

இனி, நம்பிக்கை. இந்த விடயத்தில் கொஞ்சம் நிதானிக்க வேண்டும்.

உகண்டாவில் கடைகளில் வாங்கிய சரக்கைச் சோதித்த ஓர் ஆய்வு 2017இல் வெளிவந்தது. பசளையில் இருக்க வேண்டிய நைதரசனில் சராசரியாக 30 வீதம் இல்லை. கலப்பின விதை என்று விற்றவற்றின் தரமோ, நல்ல விதையில் பாதிக்குச் சாதாரண விதையைக் கலந்தால் எப்படியிருக்குமோ அப்படி இருந்தது. இப்படிப்பட்ட சந்தையில் விவசாயி புதிய விதை வாங்காமல் பழைய விதையையே நட்டால் அவனை யார் குறை சொல்வது? அந்தச் சரக்கின் சராசரித் தரத்துக்கு அதை வாங்குவதால் இலாபமே இல்லை என்று அந்த ஆய்வாளர்களே கணக்குப் போட்டுக் காட்டினார்கள்.

இதற்கு மறுபக்கமும் ஒன்று இருக்கிறது. தன்சானியாவில் மொறொகோரோப் பகுதிக் கடைகளில் யூரியாவைச் சோதித்து 2021இல் வெளியிட்ட ஆய்வில் சரக்கு அநேகமாக முழுவதும் நல்ல சரக்கு! ஆனால் விவசாயிகள் அதில் பெரும் பங்கு கலப்படம் என்று நம்பிக்கொண்டிருந்தார்கள். காரணம் கேட்டால் கட்டிபட்டிருக்கிறது, நிறம் மங்கியிருக்கிறது என்கிறார்கள். ஈரம் பட்டு இறுகிய யூரியாவில் சத்துக் குறைவதில்லை, ஆனால் கண்ணுக்கு அது கெட்ட சரக்கு. பார்த்தீர்களா, நேர்மையான கடைக்காரன்கூட இங்கே தண்டம் கட்டுகிறான். பக்கத்துக் கடைக்காரன் எப்போதோ செய்த கலப்படத்துக்கும், தன் ஸ்டோரில் கூரை ஒழுகியதற்கும் சேர்த்து. நான் இருபத்தைந்து வருடமாகச் சாக்கு விற்கிறேன். நிலத்தில் நேரே அடுக்கிய மூடைக்கும் பலகை போட்டு அடுக்கிய மூடைக்கும் உள்ள வித்தியாசம் வாங்க வருபவனின் முகத்தில் தெரியும். நம்பிக்கை என்பதில் பாதி அந்தப் பலகைதான்.

கென்யாவில் சான்றளிக்கப்பட்ட விதைப் பொதிகளில் இப்போது சுரண்டிப் பார்க்கும் ஸ்டிக்கர் ஒட்டுகிறார்கள், தொலைபேசி ரீலோட் அட்டையில் இருப்பது போல. சுரண்டி, உள்ளே இருக்கும் இலக்கத்தை எஸ்.எம்.எஸ். அனுப்பினால் அசல் விதையா என்று பதில் வரும். போலி மருந்துகளைப் பிடிப்பதற்காகக் கானா நாட்டில் பிரைட் சைமன்ஸ் என்பவர் தொடங்கிய எம்-பெடிக்ரி நிறுவனமும் இதே முறையைப் பின்பு விதைக்குக் கொண்டுவந்தது. கடைக்காரன் வாயால் நூறு சத்தியம் செய்வதைவிட அந்த ஸ்டிக்கர் மேல்.

இனி என் சொந்தத் தொழிலுக்கு வருகிறேன், சாக்கு!

கௌப்பியை அறுவடை செய்து வைத்தால் சில மாதத்தில் வண்டு துளைத்து மாவாக்கிவிடும். மேற்கு ஆபிரிக்காவில் இதற்குப் பயந்தே விவசாயிகள் அறுவடை வாரத்திலேயே அடிமாட்டு விலைக்கு விற்றுவிடுவார்கள், அல்லது ஏதாவது நஞ்சைத் தூவி வைப்பார்கள். அமெரிக்காவின் பேர்டியூ பல்கலைக்கழகத்துப் பூச்சியியல் பேராசிரியர் லாரி மர்டொக்கும் குழுவினரும் 1980களின் இறுதியில் கெமரூனில் ஒரு வழி கண்டார்கள். தடித்த பொலித்தீன் பை இரண்டு, ஒன்றுக்குள் ஒன்று. வெளியே சாதாரண நெய்த பிளாஸ்டிக் சாக்கு. நன்றாகக் காய்ந்த தானியத்தைக் கொட்டி, காற்றை அமுக்கி வெளியேற்றி, ஒவ்வொரு பையாக முறுக்கிக் கட்டவேண்டும். உள்ளேயிருக்கும் வண்டுகள் மீதமுள்ள ஒட்சிசனைத் தீர்த்துவிடும். வண்டு வெளியே தண்ணீர் குடிப்பதில்லை. உண்ட உணவை ஒட்சிசனைக் கொண்டு எரித்தே உடம்புக்கு வேண்டிய நீரை உண்டாக்குகிறது. ஒட்சிசன் தீர்ந்தால் உண்பதை நிறுத்தி, நீரில்லாமல் காய்ந்து சாகிறது. நஞ்சு ஒரு சொட்டும் இல்லை. சாக்கின் விலை இரண்டு மூன்று டொலர், கவனமாக வைத்தால் இரண்டு மூன்று போகத்துக்குப் பாவிக்கலாம்.

விஞ்ஞானம் 1980களிலேயே முடிந்துவிட்டது. ஆனால் பெருமளவு விற்பனை தொடங்கியது 2007இல் கேட்ஸ் அறக்கட்டளையின் உதவி கிடைத்த பின்புதான். இடையில் போன காலத்தை எண்ணிப் பாருங்கள்! என் பார்வையில் இதற்குக் காரணம் விளங்காத ஒன்றல்ல. கடைக்காரன் இடத்தில் நின்று யோசியுங்கள். வருடத்தில் ஆறு வாரம் மட்டும் விற்கும் சரக்கு. வாங்கியவன் மறுவருடம் வரமாட்டான், பழையதையே பாவிப்பான். சாதாரண சாக்கைவிட விலை பல மடங்கு, பார்வைக்கு ஒரே மாதிரி. விற்காவிட்டால் முதல் அடுத்த அறுவடை வரை முடங்கும். நானாக இருந்தால் நூறு சாக்கு எடுக்கவே யோசித்திருப்பேன்.

அதை மாற்றியது விளம்பரப் பலகை அல்ல. கிராமம் கிராமமாகப் போய், சில விவசாயிகளின் தானியத்தையே சாக்கில் கட்டி ஊரிலேயே வைத்தார்கள். நான்கைந்து மாதம் கழித்து ஊரைக் கூட்டி எல்லோர் முன்னும் அவிழ்த்தார்கள். கட்டிய நாளில் இருந்தபடியே கௌப்பி! அன்று முதல் விவசாயிகளே கடைக்குப் போய் அந்தச் சாக்கு எங்கே என்று கேட்கத் தொடங்கினார்கள். சாக்கை அந்தந்த நாட்டுத் தொழிற்சாலைகளிலேயே செய்வித்து, உள்ளூர் மொத்த வியாபாரிகள் கையில் கொடுத்தார்கள். பின்னர் சோளத்துக்கும் மற்றத் தானியங்களுக்கும் பரவியது. இதுவரை 1 கோடிக்கு மேற்பட்ட சாக்குகள் விற்றாயிற்று.

தானியத்தைப் பாதுகாத்து வைக்க முடிந்தாலும், காசு நெருக்கடி இருப்பவன் வைத்திருக்க மாட்டான் என்பது வேறு பிரச்சினை. மேற்குக் கென்யாவில் அறுவடை நேரத்தில் சோளத்தை மலிவாக விற்றுவிட்டு, ஆறு மாதம் கழித்து அதே சோளத்தைக் கூடிய விலைக்கு வாங்கித் தின்னும் குடும்பங்கள் ஏராளம். அறுவடை வேளையிலேயே ஒரு சிறு கடன் கொடுத்துப் பார்த்தார்கள். விற்காமல் வைத்திருந்து விலை ஏறியபின் விற்றார்கள். 2019இல் வெளியான அந்த ஆய்வின்படி முதலுக்கு 29 வீத இலாபம். ஒரே பகுதியில் பலருக்குக் கடன் கிடைத்தபோது சந்தை விலையின் ஏற்ற இறக்கமே குறைந்தது, கடன் வாங்காதவர்களும் பயன்பெற்றார்கள். இடையில் நின்று வாங்கிப் பதுக்கும் வியாபாரிக்கு மட்டும் இது கசக்கும். கசக்கட்டும்.

கடன் என்றதும் நமது ஆட்கள் கேட்கும் முதல் கேள்வி, திரும்பி வருமா என்பது. தேயிலையில் அது எளிது. 1964இல் அரச சபையாகத் தொடங்கி 2000இல் தனியார் கம்பனியான கென்யாவின் தேயிலை அபிவிருத்தி நிறுவனம், ஆறு இலட்சத்துக்கும் மேற்பட்ட சிறு தோட்டக்காரர்களிடம் கொழுந்து வாங்குகிறது. பசளையை மொத்தமாக இறக்கிக் கடனுக்குக் கொடுத்து, கொழுந்துக் காசில் கழித்துக்கொள்கிறது. பச்சைக் கொழுந்து அன்றைக்கே தொழிற்சாலைக்குப் போகவேண்டும், ஆகவே கடனாளி ஓட முடியாது. இலங்கைத் தேயிலைக்குச் சந்தையில் போட்டியாக நிற்கும் கென்யத் தேயிலையின் பின்னால் இந்தக் கடன் கொப்பியும் இருக்கிறது.

பருத்தியில் அப்படி முடியவில்லை. சாம்பியாவில் 1990களில் பருத்திக் கம்பனிகள் விதையையும் மருந்தையும் கடனுக்குக் கொடுத்தன. அறுவடையன்று வேறொரு வியாபாரி லொறியோடு வந்து ரொக்கமாக வாங்கிப் போனான், கடன் கொடுத்தவன் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றான். அப்போது லொன்ரோ கம்பனி ஒரு முறையைக் கொண்டுவந்தது. 1999இல் அதன் பருத்தித் தொழிலை வாங்கிய டுனவன்ட் கம்பனி அதையே தொடர்ந்தது. ஊரிலேயே ஒரு நல்ல விவசாயியை விநியோகத்தராக்கி, அவருக்குக் கொமிஷனை விற்ற தொகைக்கு அல்ல, வசூலான தொகைக்குக் கொடுத்தார்கள். வசூல் நன்றாகத் தேறியது. விற்பனைக்கு மட்டும் கொமிஷன் கொடுத்து, வசூலுக்குத் தாங்களே அலையும் நமது மொத்த வியாபாரிகள் கவனிக்க.

சோளத்தை எவனுக்கும் விற்கலாம், வீட்டிலேயே சமைத்துத் தின்னலாம். அதற்குக் கடன் கொடுப்பது இன்னும் கஷ்டம். 2006இல் மேற்குக் கென்யாவின் பங்கோமாவில் அன்ட்ரூ யூன் என்ற அமெரிக்க இளைஞர் தொடங்கிய 'வன் ஏக்கர் பண்ட்' அதற்குத் துணிந்தது. விவசாயிகள் சிறு குழுவாகச் சேர்ந்து ஒருவருக்கொருவர் பொறுப்பு நிற்கவேண்டும். விதையும் பசளையும் நடந்து போகும் தூரத்துக்கே வரும். எப்படி நடுவது என்று ஊர் ஆள் ஒருவரே சொல்லிக்கொடுப்பார். தவணை என்று தனியாக இல்லை, போகம் முடிவதற்குள் இயன்றபோது இயன்றதைக் கட்டலாம். இன்று பல நாடுகளில் பத்து இலட்சத்துக்கும் அதிகமான விவசாயிகளைத் தொடும் அமைப்பு அது. கென்யாவில் செய்த ஒரு கட்டுப்பாட்டு ஆய்வில் சோள விளைச்சல் 26 வீதம் கூடியிருந்தது, இலாபம் அதைவிடக் குறைவாக. செலவும் கூடுகிறதே, அது இயல்புதான்.

அரசாங்கம் கொடுத்தால் என்ன என்று கேட்பீர்கள். மலாவியில் 2005இன் பஞ்ச அறுவடைக்குப் பின் கூப்பன் மூலம் மலிவு விலையில் பசளையும் விதையும் கொடுத்தார்கள். விளைச்சல் கூடியது உண்மை. ஆனால் கொஞ்ச காலத்தில் அந்தப் பசளை விற்பனையிலிருந்து தனியார் கடைகளை ஒதுக்கி, அரச நிறுவனங்களுக்கே கொடுத்துவிட்டார்கள். கூப்பன் வராத ஊரில் கடையும் இல்லாமற் போகும் என்பதை யோசிக்கவில்லை. நைஜீரியாவில் விவசாய அமைச்சராக இருந்த அக்கின்வுமி அடெசினா, அரசு வாங்கி விநியோகித்த மானியப் பசளையில் 11 வீதம்தான் விவசாயியைச் சேர்ந்தது என்று பகிரங்கமாகச் சொன்னவர். 2012இல் அவர் பசளை வாங்கும் வேலையை அரசிடமிருந்து எடுத்துவிட்டு, மானியக் கூப்பனை விவசாயியின் தொலைபேசிக்கே அனுப்பினார். விவசாயி அதைக் காட்டி ஊர்க் கடையில் வாங்கிக்கொள்ள வேண்டும். கொந்தராத்துக்காரர்களுக்கு அது எவ்வளவு கோபமூட்டியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

கடைசியாக, என் பழைய கணக்கு. ஒரு 100 கிலோ மூன்றடுக்குச் சாக்கு மூன்று டொலர் என்று வையுங்கள். அறுவடையில் கிலோ 30 சதத்துக்குப் போகும் கௌப்பி, பஞ்ச மாதத்தில் கிலோவுக்கு 10 சதம் ஏறினாலே ஒரு மூடையில் 10 டொலர். சாக்கின் விலை முதல் போகத்திலேயே கழிந்து 7 டொலர் கையில். அடுத்த போகத்தில் சாக்கு இலவசம். இதை ஒரு துண்டுக் கடதாசியில் எழுதி வாடிக்கையாளருக்குக் காட்டத் தெரிந்த கடைக்காரன் அந்தச் சாக்கை விற்பான். காட்டத் தெரியாதவன் முடங்கிய முதலைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருப்பான்.